தலைக்காசு

கிரேட் வெஸ்டர்ன் டிரெயில் என்ற பலகை விளையாட்டை ஒருவருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கக் குறைந்தது முக்கால் மணி நேரம் வேண்டும். அதற்குள் வாங்கி வைத்த தே தாரே ஆறி, மேலே ஆடை கட்டிவிடும். 2016இல் வந்த விளையாட்டு. வடிவமைத்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபிஸ்டர். ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். கையில் இருக்கும் சீட்டுகள் எல்லாம் மாடுகள். அவற்றை ஓட்டிக்கொண்டு பலகையின் கீழ் மூலையிலிருந்து மேல் மூலையில் இருக்கும் கான்சாஸ் சிட்டிக்குப் போக வேண்டும். அங்கிருந்து ரயிலில் ஏற்றித் தூரத்து ஊர்களுக்கு அனுப்ப வேண்டும். பிறகு மறுபடியும் கீழ் மூலை, மறுபடியும் நடை. ஒரே இன மாடு இரண்டு கையில் இருந்தால் ஒன்றுக்குத்தான் மதிப்பு. அதனால் போகிற வழியெல்லாம் மலிவான ஜெர்சிகளைக் கழித்துவிட்டு, ஒவ்வொரு இனத்திலும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கணக்குப் பிடிக்கிறவர்களுக்கு இது பெரிய விருந்து.

வழியில் வெள்ளம், வறட்சி, பாறைச் சரிவு எல்லாம் உண்டு. மற்ற ஆட்டக்காரர்கள் கட்டி வைத்த கட்டடங்களும் உண்டு. சிலவற்றைக் கடக்கக் காசு கொடுக்க வேண்டும். பலகையின் ஓரத்தில் ஓர் ஆள் சந்தை இருக்கிறது. கௌபாய், கட்டடத் தொழிலாளி, ரயிலை நகர்த்தும் என்ஜினியர் ஆகிய மூன்று வகை ஆட்கள் சின்னச் சின்ன அட்டைகளாக வரிசையில் கிடப்பார்கள். விலை கொடுத்து எடுத்து நம் பலகையில் அடுக்கிக்கொள்ளலாம். அடுக்கியபின் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, அவர்கள் திரும்பிப் போவதும் கிடையாது. நான் தொழிலால் என்ஜினியர் என்பதால் அந்த அட்டையை எடுக்கும்போதெல்லாம் நண்பர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அந்த ஆள் சந்தையைப் பார்த்தால் வேறொன்று ஞாபகம் வரும். அதற்கு வருகிறேன். முதலில் விளையாட்டுக்குப் பின்னால் இருக்கும் சரித்திரம்.

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் சுமார் 50 லட்சம் மாடுகள் கேட்பாரற்றுத் திரிந்ததாகச் சொல்கிறார்கள். நீண்ட கொம்பு, வற்றிய உடம்பு, எதையும் தின்று எதையும் தாங்குகிற ஜாதி. அங்கே ஒரு மாடு 4 டாலர். வடக்கே இறைச்சிக்கு ஏங்கிக் கிடந்த நகரங்களில் அதே மாடு 40 டாலர். இடையில் ரயில் இல்லை. அதனால் மாட்டையே நடக்க வைத்தார்கள். 1867இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி கான்சாஸ் மாநிலத்து அபிலீனில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பட்டிகள் கட்டினார். அந்த முதல் வருஷமே சுமார் 35,000 மாடுகள் வந்து சேர்ந்தன. நாம் சினிமாவில் பார்க்கிற கௌபாய் இந்த நடையில்தான் பிறந்தான். ஆனால் சினிமா காட்டாத ஒன்று: அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பர். மாடு மேய்க்கும் வித்தையையும் அதன் பாதிச் சொற்களையும் கொடுத்தவர்கள் மெக்சிகோக்காரர்கள்.

இருபது வருஷம் போல நடந்தது, அவ்வளவுதான். 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். திறந்து கிடந்த புல்வெளி துண்டு துண்டாக வேலிக்குள் போனது. டெக்சாஸ் மாடுகளோடு வந்த உண்ணிக் காய்ச்சலுக்குப் பயந்து 1885இல் கான்சாஸ் அந்த மாடுகளுக்குக் கதவடைத்தது. அதற்குள் ரயிலே டெக்சாஸுக்கு வந்துவிட்டது. நடை முடிந்தது.

இந்தப் பாதை யாருடைய நிலத்தின் வழியாகப் போனது? இன்றைய ஓக்லஹோமா அன்று பழங்குடிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி. வேறு இடங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். தங்கள் புல்லைத் தின்றுகொண்டு போகும் மாடுகளுக்கு அவர்கள் தலைக்கு 10 சென்ட் சுங்கம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. விளையாட்டின் முதல் பதிப்பில் அவர்களுடைய கூடாரங்கள் பாதையை மறிக்கும் அட்டைகளாக இருந்தன. விமர்சனம் வந்தது. 2021இல் வந்த இரண்டாம் பதிப்பில் கூடாரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொள்ளைக்காரர்களை வைத்துவிட்டார்கள். யார் மனமும் புண்படக்கூடாது என்றுதான் செய்திருப்பார்கள். ஆனால் பலகையைப் பார்க்கிற ஒருவனுக்கு இப்போது அந்த நிலத்தில் மாட்டுக்காரர்களும் திருடர்களும் மட்டும்தான் இருந்தார்கள். புல்லுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருந்ததே தெரியாது. எனக்குப் பழைய பதிப்பின் அசிங்கம் பரவாயில்லை என்று தோன்றுகிறது. அதிலாவது அவர்கள் வழியில் நின்றார்கள்.

தலைக்கு 10 சென்ட் என்ற கணக்கைப் படித்தபோது நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். நம் சரித்திரத்திலும் ஒரு தலைக் கணக்கு இருக்கிறது. ரப்பர் தோட்டத்துக் கங்காணிக்குச் சம்பளம் தவிர தலைக்காசு என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து அவர் கூட்டி வந்த ஆட்களில் காலைப் பெரட்டுக்கு எத்தனை பேர் வந்து நிற்கிறார்களோ, ஆளுக்கு 2 சென். வராத ஆளுக்குக் காசு இல்லை. அதனால்தான் காய்ச்சலில் படுத்தவனையும் லயத்துக்குள் புகுந்து எழுப்பினார்கள். 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் அடுத்த சில வருஷங்களுக்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடியும் ஆள் எடுத்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகுதான் அது நின்றது. இப்போது அந்த ஆள் சந்தை எனக்கு எதை ஞாபகப்படுத்துகிறது என்று புரிந்திருக்கும்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஒருநாள் சொன்னான். "மச்சான், இதுக்குத் தமிழ் வெர்ஷன் ஒண்ணு போடலாம்டா. வெட்சித் திணை இருக்கே. ஆநிரை கவர்றது, மீட்கிறது. செமையா இருக்கும்." வாஸ்தவம்தான். தொல்காப்பியம் புறத்திணையை வெட்சியில்தான் தொடங்குகிறது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகல் ஒன்றில் ‘ஆகோள்’ என்ற சொல்லே இருக்கிறது. மாடு பிடிக்கிற சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள். எல்லாம் சரி. ஆனால் இரண்டாயிரம் வருஷம் பின்னால் போனால் நமக்கு வீரம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. எழுபது வருஷம் மட்டும் பின்னால் போய், கோலா சுங்கை பாருவுக்கு உள்ளே இருந்த தோட்டங்களில் நின்றால் மாடு வேறு கதை சொல்கிறது. எனக்கு அந்தப் பலகைதான் வேண்டும்.

அந்தப் பலகைக்கு ஒரு கான்சாஸ் சிட்டி வேண்டுமென்றால் அது சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை. இன்று லிட்டில் இந்தியா என்று நகை வாங்கப் போகிறோமே, அதே இடம். 19ஆம் நூற்றாண்டில் அது தாழ்ந்த, நீர் தேங்கும் புல்நிலம். மாடு கட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. கப்பலில் வந்த மாடுகளை அங்கே அடைத்தார்கள். மாட்டுக்காரர்களாகவும் வண்டிக்காரர்களாகவும் தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். கோயிலும் கடையும் பின்னால் வந்தன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்று பெயர்கள் இன்னும் இருக்கின்றன. பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வியாபாரம் செய்த ஒரு யூதரின் பெயர். டெஸ்கர் சாலை, மலாக்கா வழி வந்த யூரேசியக் கசாப்புக்காரரின் பெயர். அந்த நாட்டின் பெரிய பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பெயரே கண்டாங் கெர்பாவ், எருமைப் பட்டி. 1966இல் மட்டும் அங்கே 39,000க்கு மேல் குழந்தைகள் பிறந்தன. உலகத்திலேயே அதிகம். அவ்வளவு பேருக்கும் பிறந்த இடம் மாட்டுப்பட்டிதான். கொஞ்சம் தள்ளி இருக்கும் சைனாடவுனுக்குச் சீனர்கள் வைத்த பெயர் மாட்டுத் தண்ணி வண்டி. குடிதண்ணீரை மாட்டு வண்டியில் ஏற்றிப்போன காலத்துப் பெயர்.

மலாக்காவில் இப்படி ஒரு மாட்டுச் சந்தை நகரம் உருவாகவில்லை. இங்கே மாடு வண்டியிழுத்தது. கூரை இரண்டு பக்கமும் கொம்பு போல வளைந்த மலாக்கா மாட்டு வண்டியை இன்றைக்குச் சுற்றுலாப் படங்களில் பார்க்கலாம். அது வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. மரவள்ளித் தோட்டங்களிலிருந்து மூட்டைகள் அதில்தான் போயின. 1896 வாக்கில் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் நம் மாநிலத்தில்தான். அதன் பிறகு மரவள்ளி போய் ரப்பர் வந்தது, ரப்பரோடு நாம் வந்தோம், நம்மோடு மாடும் வந்தது.

1920களின் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி உண்டு. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குத் தோட்டம் போடவோ கால்நடை மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 2,700 சதுர அடி. இன்றைய தாமானில் 20 அடிக்கு 70 அடி மனை இரண்டை ஒட்டி வைத்தால் வருகிற அளவு. 300 கிலோ எடையுள்ள ஒரு மாடு நாளைக்கு 30 கிலோ பச்சைப்புல் தின்னும். அந்தத் துண்டு நிலம் எத்தனை நாளைக்கு வரும்? ஆக, சட்டம் தந்த நிலத்தில் மாடு வாழவில்லை. மாடு வாழ்ந்தது துரையின் நிலத்தில், மரங்களுக்கு நடுவே முளைத்த புல்லிலும், மண் அரிக்காமல் இருக்கக் கம்பெனி நட்ட கொடிப்பயிரிலும். கொடியைத் தின்றால் அபராதம். புல்லைத் தின்றால் கிராணி பார்க்காதது போலப் போவார். இந்த இடைவெளியில்தான் தோட்டத்து மாடு பிழைத்தது.

ரப்பருக்கு இன்னொரு தோதும் இருந்தது. பால் விடியற்காலையில்தான் நன்றாக வடியும். இருட்டோடு வெட்டப் போனால் மதியத்துக்குள் பால் எடுத்து, நிறுத்து, வேலை முடியும். மீதி நாள் மாட்டுக்கு. இதை யாரும் திட்டமிடவில்லை. மரத்தின் உடம்பு அப்படி. அதனால் ஒரே ஆள் காலையில் கம்பெனிக்கும் மாலையில் தனக்கும் என்று இரண்டு பால் கறக்க முடிந்தது. 1920களின் கடைசியில் ஆணுக்கு நாள் கூலி 50 சென், பெண்ணுக்கு 40 சென். மந்தக் காலத்தில் அதுவும் குறைந்தது. வீடு கம்பெனி வீடு, விறகு கம்பெனி விறகு, கடைக் கடன் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். லயத்தில் இருந்த எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் அவர்களுடையது என்று மிஞ்சுவது அந்த மாடுதான். ஆள் சந்தையில் அட்டையாகக் கிடந்தவர் ஒரு கன்றுக்குட்டி வாங்கிய அன்று, சின்ன அளவில், தானும் ஓர் ஆட்டக்காரர் ஆகிறார். நம் மலேசியத் தமிழ்க் கதைகளில் கங்காணி இருக்கிறார், கள்ளுக்கடை இருக்கிறது, சயாம் ரயில் இருக்கிறது. மாடு பின்னணியில் ஒரு ‘ம்மா’ சத்தமாக மட்டும் கேட்டுவிட்டுப் போகிறது. எனக்கு இது ஒரு குறையாகவே படுகிறது.

ஆட்டக்காரர் என்று ஆண்பாலில் எழுதிவிட்டேன், உண்மையில் கணக்கு பெண்களிடம்தான் இருந்தது. எங்கள் பாட்டி புல் அறுத்தது, சாணி வாரியது, கறந்தது, டவுனுக்குக் கொடுத்துவிட்டது எல்லாம் அவரே. தாத்தா மாட்டுக்குப் பேர் வைத்தார், அவ்வளவுதான். வீட்டுக் குழந்தைகள் தேத்தண்ணியில் டின்பால்தான் குடித்தார்கள். "கறந்த பால வீட்ல ஊத்திட்டா அப்புறம் எதை விக்கிறது?" என்பார். அப்பா ஐந்தாம் படிவம் வரை படித்தது ஒரு சிவப்புக் கிடாரியை விற்றதில். அந்தக் கிடாரியின் வம்சத்தை மூன்று தலைமுறைக்குப் பாட்டி ஒப்பிப்பார். எங்கள் வம்சத்தில் கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே அவருக்குத் தெரியாது.

விளையாட்டில் ஒவ்வொரு சீட்டிலும் சுத்தமான ஓர் இனத்தின் பெயர் இருக்கும். ஹோல்ஸ்டீன், ஐர்ஷையர், பிளாக் ஆங்கஸ், டெக்சாஸ் லாங்ஹார்ன். பாட்டியின் கிடாரிக்கு எந்தச் சீட்டும் பொருந்தாது. நம் ஆட்களோடு கப்பலேறிய காங்கேயமும் ஹள்ளிகரும், வடக்கத்தி சாஹிவாலும் சிவப்பு சிந்தியும் தார்பார்க்கரும் இங்கே திட்டமில்லாமல் கலந்து பிறந்த மாடு அது. கால்நடைத் துறை புத்தகங்களில் அதற்கு ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்று பெயர், சுருக்கமாக எல்ஐடி. உள்ளூராம், அப்புறம் இந்தியனாம். நம் அடையாள அட்டைப் பிரச்சினை மாட்டுக்கும் இருந்திருக்கிறது. பால் குறைவு என்று பிற்காலத்தில் அரசாங்கம் ஃப்ரீசியனும் சாஹிவாலும் கலந்த மாடுகளை வெளிநாட்டிலிருந்து இறக்கியது. குளுவாங்கில் மாஃப்ரிவால் என்ற புது இனத்தை உருவாக்கினார்கள். அவை தீவனம் கேட்கும், நிழல் கேட்கும். எல்ஐடி எதையும் கேட்காது. வெயிலில் நின்று கிடைத்ததைத் தின்னும், கொஞ்சமாகக் கறக்கும், வருஷத்துக்கு ஒரு கன்று போடப் பார்க்கும்.

முள்கம்பி இங்கேயும் வந்தது, 1948இல் அவசரகாலம் அறிவித்த பிறகு. பிரிக்ஸ் திட்டப்படி சீனர்களைப் புதுக்கிராமங்களில் அடைத்த கதை எல்லோருக்கும் தெரியும். தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் ஒடுக்கி வேலி போட்டார்கள் என்பதை நாமே அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவில் முள்கம்பி மாட்டுக்குப் போட்டது. இங்கே ஆளுக்குப் போட்டது. வாசல் திறக்க நேரம், அடைக்க நேரம். காட்டோரத்தில் மேய்ந்த மாடு சாயங்காலம் திரும்பவில்லை என்றால் தேடிப் போக முடியாது.

அதிலிருந்தும் மாடு தப்பியது. பிறகுதான் பெரிய அடி. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். துண்டானதில் வேலையும் வீடும் போனது, மேய்ச்சலும் போனது. அதை எதிர்த்துத்தான் 1960இல் சம்பந்தன் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். அதன்பின் செம்பனை. செம்பனை வேலை மதியத்தோடு முடிகிற வேலை இல்லை. குருத்து மட்டையை மாடு கடித்தால் கன்று போய்விடும். வரப்புக்குப் பதில் ஆழமான கால்வாய் வெட்டினார்கள். மாட்டை அப்புறப்படுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எங்கள் தோட்டத்தில் அந்த நோட்டீஸ் வந்தபோது நான் பிறக்கவில்லை. பாட்டி இருந்த மாடுகளை ஒரே வாரத்தில் வந்த விலைக்குக் கொடுத்தாராம். விலையை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. செம்பனைத் தோட்டத்தில் மாடு வளர்ப்பது நல்லது என்று பிறகு அரசாங்கமே சொன்னது. மாடு களையைத் தின்கிறது, களைக்கொல்லிச் செலவு குறைகிறது, இறைச்சியும் கிடைக்கிறது. இதற்கு ‘இந்திக்ராசி’ என்று பெயர் வைத்து ஆய்வு, மானியம், கருத்தரங்கு எல்லாம் நடந்தது. கம்பெனியின் மாடு செம்பனைக்குக் கீழே நின்றால் ஒருங்கிணைப்பு. அதே மரத்தின் கீழே தொழிலாளியின் மாடு நின்றால் அத்துமீறல். மாட்டுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மண் இறுகுகிறது, மரத்துக்கு நோய் பரவுகிறது என்று கம்பெனிகள் சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கலாம். இருந்தால் இரண்டு மாட்டுக்கும் இருக்க வேண்டும். பேராக்கில் தோட்டத்து மாட்டுக்காரர்கள் சோசலிசக் கட்சியின் துணையோடு இதைத்தான் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். இதற்கிடையில் நம் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் உறைந்த இறைச்சி இந்தியாவிலிருந்து வரும் எருமை. கப்பல் மட்டும் நிற்கவில்லை.

இந்தப் பக்கம் மாடு முழுசாக அற்றுப்போகவில்லை. நான் மின்துறையில் வேலை செய்கிறேன். உயரழுத்தக் கம்பிகளுக்குக் கீழே மரம் வளர விடமாட்டார்கள். அதனால் செம்பனைக் காட்டுக்கு நடுவே நீளமாக ஒரு புல்பாதை ஓடும். மஸ்ஜித் தானாவிலிருந்து கோலா சுங்கை பாரு பக்கம் போகும் ஒரு தடத்தில் வேலைக்குப் போயிருந்தபோது அந்தப் புல்லில் ஒரு மந்தை நின்றது. கொம்பும் திமிலும் பார்த்ததுமே எல்ஐடி என்று தெரிந்தது. வைத்திருந்தவருக்கு எழுபது வயது இருக்கும். தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகிறதாம். பட்டி தாமானுக்குப் பின்னால், யாரோ ஒருவர் நிலத்தில், வாய் வார்த்தையில்.

"எத்தனை உருப்படி தாத்தா?" என்றேன்.

"மாட்ட எண்ணிச் சொல்லக்கூடாது தம்பி. இருக்கிறது இருக்கு." என் தலைக்கவசத்தையும் கையில் இருந்த படிவத்தையும் ஒரு தடவை பார்த்தார். "நீங்க கணக்கெடுக்க வந்திருக்கீங்களா?"

இல்லை, கம்பத்தில் வேலை, இரண்டு மணி நேரம் மட்டும் மந்தையைத் தள்ளி நிறுத்தினால் போதும் என்றேன். அவர் நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை விட்டார். முன்னால் நின்ற கிழட்டுப் பசு தலையைத் தூக்கி, திரும்பி, நடக்கத் தொடங்கியது. மற்றவை அதன் பின்னால் போயின.